அவாவும் ஊக்கமும்

பௌர்ணமிதோறும் தம்ம உரை முடிந்தபின் நம் சங்கத்தில் எழும் வினா ஒன்றுண்டு. துன்பத்திற்கு வேர் அவா என்று ததாகதர் அருளினாராயின், நாம் பஞ்சப்படிக்குப் போராடுவதும், பிள்ளைகளைப் பெரிய படிப்புக்கு அனுப்புவதும், தேர்தலில் நிற்பதும் தம்மத்துக்கு முரணல்லவா என்பதே அது. சிலர் உண்மையாகவே குழம்பி வினவுகின்றனர். சிலரோ, முதலாளிமார் கற்பித்த பாடத்தைத் தாமறியாமலே ஒப்புவிக்கின்றனர். ஆசையை அடக்கு என்பது இந்நாட்டில் எக்காலமும் உண்டவன் பசித்தவனுக்குச் செய்துவந்த உபதேசம்.

பாலி மொழியில் இரண்டு சொற்கள் உள. தண்ஹா என்பது தாகம். எத்துணைக் குடித்தாலும் அடங்காதது. சந்தம் என்பது ஒன்றைச் செய்து முடிக்கவேண்டுமென்னும் விருப்பம். நன்முயற்சியை விளக்குமிடத்தில் இவ்விருப்பத்தை எழுப்புமாறே ததாகதர் கூறுகின்றார். இரண்டையும் ஆசை என்னும் ஒரே சொல்லால் பெயர்த்ததால் விளைந்த குழப்பம் பெரிது. தமிழ் இவ்வேறுபாட்டை அறியாததன்று. 37ஆம் அதிகாரத்தில் அவாவறுத்தலைக் கூறிய வள்ளுவரே 60ஆம் அதிகாரத்தில் ஊக்கமுடைமையையும் கூறினார். பண்டிதர் அயோத்திதாசர் வள்ளுவரைப் பௌத்தராகவே கொண்டார். ஏற்பார் ஏற்க, மறுப்பார் மறுக்க.

திகஜாணு என்னும் கோலிய இல்லறத்தான், மனைவி மக்களோடு வாழ்வார்க்கு இம்மையில் நலந்தருவது யாதென வினவியபோது, ததாகதர் முயற்சியையே முதலாவதாக உரைத்தார். சிகாலகனுக்கோ, ஆற்றலுக்கேற்ற வேலை, உணவும் கூலியும், நோயில் பராமரிப்பு, காலத்தில் ஓய்வு ஆகியவற்றைத் தலைவன் பணியாளர்க்கு அளிக்கவேண்டுமென்றார். தறிக்கூடத்தில் பல்லாண்டு நின்ற நாம் இதனை முதன்முதல் படித்தபோது அடைந்த வியப்பு சொல்லுந்தரமன்று. இவற்றைக் கேட்பது அவாவாயின், கொடுக்கச் சொன்னவரே அவாவை வளர்த்தவராவார்! ஆலைத் தொழிலாளரின் வார வேலை நேரம் 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைந்தது 1946இல். அந்நாளில் தொழிலாளர் துறையைத் தாங்கியவர் பாபாசாகேப் அம்பேத்கர் என்பதை நம் இளைஞரிற் பலர் அறியார்.

ஆயினும் ஊக்கத்துக்கும் ஒரு சோதனை உண்டு. அது சாதிச் சான்றிதழ் என்னும் காகிதத்தின் வடிவில் வருகின்றது. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணை பௌத்தருக்கு இடமளிக்கவில்லை. 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பல இலட்சம் மக்கள் தம்மத்தைத் தழுவினர். அவர்தம் மக்களுக்கு மத்திய அரசின் ஒதுக்கீடு 1990இல்தான் திறந்தது. 34 ஆண்டுகள்! வீட்டில் பஞ்சசீலம் ஓதிவிட்டுப் பள்ளிப் படிவத்தில் இந்து என்றெழுதிய தந்தையர் உண்டு. அது பொய்யா? பொய்யே. ஆனால் எண்ணமே வினை என்றார் ததாகதர். பிள்ளையின் சோற்றுக்காக எழுதிய கையைவிட, உண்மை எழுதினால் சோறில்லை என்று விதித்த கையே பெருவினையைச் சுமக்கின்றது.

1990க்குப் பின் நிலை வேறு. இன்றும் சிலர் பழையபடியே எழுதுகின்றனர். குமாஸ்தா புருவம் நெரிப்பார், சான்று தாமதமாகும், சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பரோ என்கின்றனர். இது பசியன்று, பழக்கம். உரிமையையும் பெற்று உண்மையையும் எழுத வழியிருக்கையில், இதனைப் பிழைக்கும் திறமை என்று புகழ நமக்கு மனமில்லை.

அரசியலும் இவ்வாறே. பதவியை நாடுவது குற்றமன்று. அதனை விடமுடியாமற் போவதே தாகத்தின் அடையாளம். இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா கைவிடப்பட்டதை முதன்மையான காரணங்களுள் ஒன்றாகக் காட்டி, 1951இல் பாபாசாகேப் மத்திய அமைச்சைத் துறந்தார். பெண்களின் உரிமைக்காக நாற்காலியை விட்ட அமைச்சர்கள் எத்தனைபேர் என்று எண்ணிப் பாருங்கள்.

அண்மையில் இளைஞர் ஒருவர் நகராட்சித் தேர்தலில் நிற்க வாழ்த்துக் கேட்டு வந்தார். தோற்றால் மறுநாள் என்ன செய்வீர் என்று வினவினோம். மாலைப் பள்ளியில் கணக்குப் பாடம் தம்முடையது, அதற்குப் போகவேண்டும் என்றார். வாழ்த்தினோம். சான்றிதழில் மதம் என்னவென்று இருக்கிறது என்றும் கேட்டோம். திருத்தத்துக்கு மனுக் கொடுத்திருப்பதாகச் சொன்னார்.