ஒப்புதலும் உண்மையும்

மழை பெய்த ஓர் இரவில், வேப்பூரில் என் அறையிலிருந்து பழைய துப்பறியும் நாவல் ஒன்றைப் படித்து முடித்தேன். அது சீன நாட்டுக் கதை. நெதர்லாந்துத் தூதரக அலுவலரான ராபர்ட் வான் கூலிக் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1949-இல் வெளியிட்டது. 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த டீ என்னும் நீதிபதியே அதில் துப்பறிபவர், தீர்ப்பளிப்பவரும் அவரே.

அந்நிய நாட்டுக் கதையில் ‘கொன்றவர் யார்?’ என்பதற்கு முன்பே ‘இங்கு எது நீதி?’ என்ற வினா எழுகிறது. குற்றவாளி தன் வாயால் ஒப்புக்கொண்டாலன்றி அங்குத் தண்டனை இல்லை. ஆகவே ஒப்புதலைப் பெறச் சாட்டையும், விரல்களை நெரிக்கும் கட்டையும் உண்டு.

என்ன கொடிய மக்கள் என்று முகஞ்சுளித்தேன். பின்னரே நம் ‘கிட்டி’ நினைவுக்கு வந்தது. விரலை நெரிக்கும் அக்கருவியைச் சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் குழு 1855-இல் பதிவு செய்தது. காவல் அலுவலரிடம் அளித்த ஒப்புதல் சாட்சியமாகாது என 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் வகுத்தது. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய சட்டமும் அவ்விதியைக் காத்து நிற்கிறது.

சட்டத்தை விடுவோம். முன்பு நான் பணியாற்றிய பங்கு ஒன்றில், எண்ணி வைத்த உண்டியல் பணம் காணாமற்போயிற்று. பீங்கான் சூளையில் வேலைக்கு வந்திருந்த வெளியூர் இளைஞன்மீது ஐயம் விழுந்தது. சிலர் அவனை அடித்தார்கள். “நான்தான் எடுத்தேன்” என்றான். ஒப்புக்கொண்டுவிட்டானே என்று எனக்கு நிம்மதி. அடித்ததைப் பற்றி நான் ஒரு சொல்லும் கேட்கவில்லை. பத்து நாள் கழித்து, பீரோவில் பழைய கணக்கேடுகளுக்கு இடையே அப்பணம் இருந்தது. அங்கு வைத்தவன் நானே. தேடிச் சென்றபோது அவன் ஊரை விட்டே போயிருந்தான்.

நாவலில் கணவனைக் கொன்ற பெண் சாட்டைக்கு வாய் திறக்கவில்லை. குற்றமுள்ளவள் வலியைத் தாங்கினாள், குற்றமற்றவன் தாங்கவில்லை. அடி அளப்பது உடலின் வலிமையை மட்டுமே.

அன்பர்களே, ஒப்புரவு அருட்சாதனத்தில் எவரும் எவரையும் வற்புறுத்துவதில்லை. அங்கு மனிதன் தன்மீது மட்டுமே குற்றஞ்சாட்டுகிறான். அந்த இருக்கையில் அமர்ந்து எத்தனையோ பேரின் சொல்லைப் பொறுமையோடு கேட்ட நான், அவ்விளைஞனின் சொல்லை மட்டும் அடித்தவர்கள் வாயிலாகக் கேட்டேன்.

அப்பெண்ணை இறுதியில் பேச வைத்தது ஒரு நாடகம். நீதிபதி நரகத்தின் நடுவராக வேடமிட்டு அமர்ந்தார். இறந்தோர் உலகில் நிற்பதாக எண்ணி அவள் உண்மையைக் கூறினாள். அவள் கண்டதாக எண்ணிய அந்த நீதி இருக்கையின்முன் நாம் ஒருநாள் மெய்யாகவே நிற்போம். அங்கு அவ்விளைஞனும் இருப்பான்.