காண்பதும் ஒரு செயலே

"கண்ணால் காண்பதனால் யாருக்கு என்ன தீங்கு?" என்று கேட்பவர் பலர். கொல்லுதல் தீது, அடித்தல் தீது, கூண்டில் அடைத்தல் தீது என்பதை நம் வீட்டுச் சிறுவர்களும் அறிவர். ஆனால் ஓர் உயிரை அது வாழும் இடத்திற்கே சென்று, தொடாமலும் துன்புறுத்தாமலும் பார்த்துவிட்டுத் திரும்புவது முற்றிலும் தீங்கற்ற செயல் என்றே பெரும்பாலோர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வினா எனக்கு ஏட்டிலிருந்து எழுந்ததன்று. வெளிநாட்டில் பணிபுரியும் என் தங்கையின் பேத்தி, வரும் விடுமுறையில் குடும்பத்தோடு ஆப்பிரிக்காவிலுள்ள ருவாண்டா நாட்டிற்குச் செல்ல எண்ணியிருப்பதாகவும், அங்கே மழைக்காட்டில் சிம்பன்சிகளைக் கண்டபின் ஏரிக்கரையில் சில நாள் ஓய்வெடுக்க விரும்புவதாகவும் எழுதியிருந்தாள். "பெரிய பாட்டி, இப்படிப் போவது நமக்குத் தகுமா?" என்றும் கேட்டிருந்தாள். இக்காலத்தில் நம் பிள்ளைகள் பலர் பல நாடுகளில் வாழ்கின்றனர். ஆகவே இக்கேள்வி அவள் ஒருத்தியுடையது மட்டும் அன்று.

முதலில் அந்த இடத்தை அறிந்துகொள்வோம். ருவாண்டாவின் தென்மேற்கில் நியுங்வே என்னும் மலைக்காடு ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைந்துள்ளது. காங்கோ, நைல் என்னும் இரு பேராறுகளின் நீரைப் பிரிக்கும் மேடு இக்காட்டின் வழியே செல்கிறது. ஒரே மலையில் பெய்த மழையில் ஒரு பகுதி மேற்கே அட்லாண்டிக் பெருங்கடலையும், மறுபகுதி வடக்கே மத்தியதரைக் கடலையும் சென்றடைகிறது. 2023ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் இக்காட்டை உலக மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. இங்கே வரும் பயணிகள் விடியற்காலையில் வழிகாட்டியுடன் புறப்பட்டுச் சேற்றிலும் சரிவிலும் நடக்க வேண்டும். சிம்பன்சிகள் பழமரங்களைத் தேடி நாள்தோறும் இடம் மாறுபவை. இரவுதோறும் கிளைகளை வளைத்துப் புதுப்படுக்கை அமைத்து உறங்குபவை. அவற்றைக் கண்டால் ஒரு மணி நேரம் அருகிலிருந்து பார்க்கலாம். காணாமலே திரும்ப நேர்வதும் உண்டு.

சிம்பன்சிகள் மனிதனுக்கு எவ்வளவு நெருங்கியவை என்பதை உலகிற்கு உணர்த்தியவர்களுள் தலையாயவர், 2025இல் மறைந்த ஜேன் குடால் அம்மையார் ஆவார். 1960இல் தான்சானியாவின் தங்கனீக்கா ஏரிக்கரையிலுள்ள கோம்பே காட்டிற்குச் சென்ற அவர், சிம்பன்சி ஒன்று புல்தண்டைக் கரையான் புற்றினுள் நுழைத்து, அதில் ஒட்டிய கரையான்களை எடுத்து உண்பதைக் கண்டார். கருவி செய்து கையாள்பவன் மனிதன் ஒருவனே என்ற கொள்கை அன்றோடு தகர்ந்தது. ஐம்பொறியும் மனமும் உடைய உயிர்கள் மனிதரல்லாதவற்றுள்ளும் உண்டு என்று நம் ஆகமங்கள் தொன்றுதொட்டுக் கூறிவருவதால், நமக்கு இதில் வியப்பில்லை. ஆயினும் அக்கண்களை நேரில் காணும் ஆவல் எவருக்கும் எழுவது இயல்பே.

காட்டுச் சிம்பன்சி மனிதனைக் கண்டவுடன் ஓடிவிடும். ஒரு மணி நேரம் நின்று காண முடிகிறதென்றால், அதற்கு முன் பல ஆண்டுகள் பணியாளர்கள் நாள்தோறும் அக்கூட்டத்தைப் பின்தொடர்ந்து, மனிதனைப் பற்றிய அச்சத்தைச் சிறிது சிறிதாக நீக்கியிருக்கின்றனர் என்பது பொருள். ஆசிரியப் பயிற்சியின்போது எங்களுக்கு உற்றுநோக்கல் என்றொரு பாடம் இருந்தது. வகுப்பின் கடைசி வரிசையில் அமைதியாக அமர்ந்து, பாடம் நடப்பதைக் கவனித்துக் குறிப்பெழுத வேண்டும். நாங்கள் வாய் திறக்கவில்லை, விரலும் அசைக்கவில்லை. ஆயினும் குழந்தைகள் திரும்பித் திரும்பிப் பார்ப்பர். சிலர் வழக்கத்தினும் மிகுதியாகக் கை உயர்த்துவர். கூச்சமுள்ள குழந்தை அன்று முழுதும் பேசாது. பார்ப்பவர் இருக்கும் வகுப்பு, பார்ப்பவர் இல்லாத வகுப்பு அன்று. காண்பதும் ஒரு செயலே. செயல் என்றால் அதற்கு விளைவு உண்டு. விளைவு உண்டென்றால் பொறுப்பும் உண்டு.

காட்டில் அவ்விளைவு உயிரையே குடிக்கக்கூடும். உகாண்டா நாட்டின் கிபாலே காட்டில், ஆய்வாளர் நெடுங்காலமாகக் கவனித்துவரும் கன்யவாரா என்னும் கூட்டத்தில் 2013இல் மூச்சுநோய் பரவியது. ஐம்பத்தாறு சிம்பன்சிகளுள் ஐந்து மாண்டன. இறந்த குட்டி ஒன்றின் உடலை ஆராய்ந்தபோது, மனிதருக்குச் சளிக்காய்ச்சல் உண்டாக்கும் வைரசே காரணம் எனத் தெரியவந்தது. நம் குழந்தை இரண்டு நாள் மூக்கைச் சிந்திவிட்டு மறுநாள் விளையாடச் செல்லும் அதே நோய், அதனை எதிர்க்கும் ஆற்றலைப் பெற்றிராத அவ்வுயிர்களுக்குக் கூற்றமாயிற்று. அங்கே யாரும் கல்லெறியவில்லை, யாரும் வெறுக்கவில்லை. மூச்சு விட்டதே போதுமானதாயிற்று.

அன்பும்கூட அளவு கடந்தால் தீங்காகும் என்பதற்குக் கோம்பேயிலேயே சான்று உண்டு. தொடக்கக் காலத்தில் சிம்பன்சிகளை அருகில் வரவழைக்க வாழைப்பழம் வழங்கப்பட்டது. பழத்திற்காக ஓரிடத்தில் திரண்ட அவற்றிடையே பூசலும் தாக்குதலும் பெருகின. 1966இல் இளம்பிள்ளைவாதம் பரவி, சில இறந்தன; சில கை கால் முடங்கின. பழம் வழங்குவது பின்னர் படிப்படியாகக் குறைக்கப்பட்டு நிறுத்தப்பட்டது. கொடுத்தல் அறமே. ஆயினும் எதை, எங்கே, எதற்காகக் கொடுக்கிறோம் என்று எண்ணிப்பாராத கொடை, பெறுபவர்க்கே துன்பமாக முடியக்கூடும்.

அப்படியானால் போகாமலிருப்பதே அறம் என்று முடிவு கட்டிவிடலாமா? அம்முடிவும் அவ்வளவு எளிதன்று. ஐவரி கோஸ்ட் நாட்டின் தாயீ காட்டில், 1999 முதல் 2006 வரை மூச்சுநோயால் இறந்த சிம்பன்சிகளுக்கு மனிதரிடமிருந்து வந்த வைரசுகளே காரணம் என்று 2008இல் வெளியான ஆய்வு உறுதி செய்தது. அதே ஆய்வு மற்றோர் உண்மையையும் கூறியது. ஆய்வாளர் நடமாட்டம் இருந்த பகுதியில் வேட்டை குறைந்திருந்தது. அங்கேயே சிம்பன்சிகள் மிகுதியாக எஞ்சியிருந்தன. நோயைக் கொணர்ந்த அதே மனித நடமாட்டம் வேட்டைக்காரனின் துப்பாக்கியைத் தடுத்தும் இருக்கிறது. நியுங்வே காட்டின் கடைசி யானை 1999இல் வேட்டைக்காரர் கையால் மாண்டது. சிறு மான்களுக்காக வைக்கப்படும் கம்பிக் கண்ணிகளில் சிக்கி விரல்களையும் கைகளையும் இழந்த சிம்பன்சிகள் கிழக்கு ஆப்பிரிக்கக் காடுகளில் பல. கண்ணிகளைத் தேடி அகற்றும் காவலர்க்கு ஊதியம் வேண்டும். அவ்வூதியத்திற்குப் பயணியர் செலுத்தும் கட்டணம் துணை செய்கிறது. ருவாண்டாவில் பூங்கா வருவாயின் ஒரு பங்கு சுற்றியுள்ள ஊர்களின் பள்ளி, மருத்துவமனை, குடிநீர் முதலியவற்றிற்கு ஒதுக்கப்படுகிறது. 5 விழுக்காடாக இருந்த அப்பங்கு 2017இல் 10 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. காட்டையே நம்பி வாழ்ந்த துவா மக்கள் காப்பகத்தின் பொருட்டுத் தம் இருப்பிடத்தை இழந்தனர் என்பதையும் மறைக்கலாகாது. காடு காக்கப்பட்டதன் விலையை அவர்களே முதலில் கொடுத்தனர்.

ஆகவே செல்வதிலும் தீங்கு உண்டு. செல்லாமையிலும் தீங்கு உண்டு. இத்தகைய இடத்தில் நம் முன்னோர் வகுத்த இரு கருத்துகள் நமக்கு வழிகாட்டும் என்பது என் எண்ணம்.

முதலாவது, பிரமாதம் என்னும் சொல். நாம் பேச்சுவழக்கில் நன்றாக இருந்ததைப் 'பிரமாதம்' என்கிறோம். நம் தத்துவ நூல்களிலோ அச்சொல்லுக்கு விழிப்பின்மை, கவனக்குறைவு என்பது பொருள். விழிப்பற்ற செயலால் உயிர்க்கு நேரும் கேடே ஹிம்சை எனத் தத்துவார்த்த சூத்திரம் இலக்கணம் வகுக்கிறது. கொல்லும் எண்ணம் இல்லை என்பது மட்டும் ஒருவரைக் குற்றத்திலிருந்து விடுவித்துவிடாது. விழிப்போடு இருந்தாரா என்பதே வினா. சளிப் பிடித்திருப்பதை அறிந்தும் காட்டினுள் செல்பவர், திரும்பி வந்து "பயணம் பிரமாதம்" என்று சொல்வாரானால், அச்சொல்லின் இரு பொருளும் அவருக்குப் பொருந்திவிடும்.

இரண்டாவது, திக்விரதம். இன்ன திசையில் இன்ன எல்லைவரையே செல்வேன் என்று இல்லறத்தார் தமக்குத் தாமே வரம்பிட்டுக்கொள்ளும் விரதம் அது. எல்லைக்கு அப்பாலுள்ள உயிர்களுக்கேனும் நம்மால் துன்பம் நேராதிருக்கட்டும் என்பதே அதன் கருத்து. தொழிலும் கல்வியும் நம் பிள்ளைகளைக் கண்டம் விட்டுக் கண்டம் கொண்டு செல்லும் இந்நாளில் அவ்வெல்லையைப் பழைய வண்ணம் வகுப்பது பலருக்கு அரிது. ஆனால் அதன் உட்பொருளை இழக்க வேண்டியதில்லை. எவ்வளவு தொலைவு செல்கிறோம் என்பதை வரையறுக்க இயலாதபோது, எவ்வளவு அருகில் செல்கிறோம் என்பதையேனும் வரையறுக்கலாம் அன்றோ?

அவ்வரம்பை இன்றைய அறிவியலும் வகுத்திருக்கிறது. பெருங்குரங்குகளைக் காணச் செல்வோர்க்காகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2010இல் வெளியிட்ட நெறிமுறைகளில், முகக்கவசம் அணிதல், ஏழு மீட்டருக்குக் குறையாமல் விலகி நிற்றல், ஒரு மணி நேரத்திற்கு மேல் தங்காமை, உணவு வழங்காமை, நோயுற்றவர் செல்லாமை ஆகியவை இடம்பெற்றுள்ளன. 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்று பரவியபோது ருவாண்டா அரசு இக்காட்டைப் பயணியர்க்கு மூடியது. வருவாய் போயினும் உயிர் போகலாகாது என்ற அம்முடிவைப் பாராட்டுதல் வேண்டும்.

இனி ஏரிக்கரைக்கு வருவோம். காட்டில் நடந்து களைத்தவர் மேற்கெல்லையிலுள்ள கிவு ஏரியின் கரையில் ஓய்வெடுப்பர். ஏறத்தாழ 1,460 மீட்டர் உயரத்தில், மலைகளுக்கு நடுவே விளங்கும் அந்நீர்ப்பரப்பு மிக அமைதியானது. அதன் அடியாழத்திலோ கரியமில வாயுவும் மீத்தேன் வாயுவும் பெருமளவில் கரைந்து கிடக்கின்றன. அம்மீத்தேனைப் பிரித்தெடுத்து மின்சாரம் ஆக்குகின்றனர். மேற்பரப்பின் அமைதியைக் கண்டு ஆழத்தை மறந்துவிடலாகாது என்பது அந்நாட்டின் வரலாற்றிற்கும் பொருந்தும். 1994 ஏப்ரல் முதல் சூலை வரை அங்கே நிகழ்ந்த இனப்படுகொலையில் ஏறத்தாழ எட்டு இலட்சம் பேர் மாண்டனர் என ஐக்கிய நாடுகள் சபை கணக்கிட்டது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் துட்சி மக்கள். இவ்வேரிக்கரையிலுள்ள கிபுயே நகரில், தேவாலயத்திலும் விளையாட்டரங்கிலும் அடைக்கலம் புகுந்தவர்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டனர். நியுங்வே காடு உலக மரபுப் பட்டியலில் சேர்ந்த அதே 2023இல், இப்படுகொலையின் நினைவிடங்கள் நான்கும் அப்பட்டியலில் சேர்க்கப்பட்டன. அவற்றுள் ஒன்றாகிய பிசெசெரோ இந்த ஏரிக்கு அருகிலுள்ள மலைகளில்தான் அமைந்திருக்கிறது.

கொலை தொடங்குமுன் வானொலியிலும் ஏடுகளிலும் துட்சி மக்களைக் 'கரப்பான் பூச்சி' என்று ஓயாமல் இழித்துரைத்தனர். பூச்சி என்று சொல்லிவிட்டால் கொல்லலாம் என்பது அச்சொல்லின் உட்கிடை. பூச்சியையும் கொல்லலாகாது என்று உள்ளம் பழகிய இடத்தில் அச்சொல்லுக்கு வலிமை ஏது? இதனை நம் பெருமைக்காகச் சொல்லவில்லை. சிற்றுயிரிடத்துக் காட்டும் கருணை சிறு வழக்கமன்று, மனிதனை மனிதனிடமிருந்து காக்கும் வேலியும் அதுவே என்பதற்காகச் சொன்னேன். ஏரிக்கரையில் ஓய்வெடுப்பது குற்றமன்று. ஆயினும் மூன்று நாள் தங்குபவர் அரை நாளேனும் அந்நினைவிடத்திற்குச் சென்று மௌனமாக நிற்பது, அந்த மண்ணுக்குச் செய்யும் கடமையாகும்.

ஆதலின் என் தங்கையின் பேத்திக்குப் போ என்றோ போகாதே என்றோ ஒரு சொல்லில் விடை எழுத என்னால் இயலவில்லை. காட்டின் வாயிலில் நிற்கும்போது திரும்பி வர மனம் ஆயத்தமாக இருக்கிறதா என்பதே வினா என்று எழுதினேன். பெருந்தொகை செலவிட்டு, கடல் கடந்து, விடியலில் எழுந்து வந்தபின், தொண்டையில் சிறு கரகரப்பு. வழிகாட்டி, "யாருக்கேனும் உடல்நலக் குறைவு உண்டா?" என்று கேட்கிறார். வெளியே ஒன்றும் தெரியவில்லை. நாம் சொன்னாலன்றி யாரும் அறியார். அந்த ஒரு கணத்தில் வாய்மையும் கொல்லாமையும் ஒன்றாக நின்று நம்மை நோக்குகின்றன. "எனக்குச் சளி இருக்கிறது, நான் வரவில்லை" என்று சொல்லி விலகக்கூடியவர் தாராளமாகச் செல்லலாம். அவ்வாறு சொல்ல இயலாதவர், எத்தனை அன்போடு சென்றாலும், அவ்வுயிர்களின் நண்பர் ஆகார்.

நம் குடும்பங்களில் பிள்ளைகளை எங்கெங்கோ அழைத்துச் செல்கிறோம், பார்க்கக் கற்றுக்கொடுக்கிறோம். பாராமல் திரும்புவதற்கும் கற்றுக்கொடுப்போமாக. இலைகளுக்கு அப்பால் ஓர் உயிர் தன் குட்டியை அணைத்துக்கொண்டு நலமாக இருக்கிறது, நாம் அதனைக் காணவில்லை என்று மகிழக்கூடிய உள்ளம் வாய்க்குமானால், அதனினும் பெரிய காட்சி வேறில்லை.