குற்றேவல்

நான் உயர்நிலைப் பள்ளியில் தமிழ் கற்பித்த நாள்களில் மாணவி ஒருத்தி, "குற்றேவல் என்றால் குற்றம் செய்தவர்க்கு இடும் ஏவலா, டீச்சர்?" என்று வினவினாள். குறுமை, ஏவல் என்னும் இரு சொற்கள் புணர்ந்து குற்றேவல் ஆயிற்று. சிறு பணி என்பதே பொருள் எனக் கரும்பலகையில் பிரித்தெழுதி விளக்கினேன். மறுநாள் காலந்தாழ்ந்து வந்த இருவரை வகுப்பறையைப் பெருக்கும்படி தண்டித்தேன். சொல்லில் திருத்திய பிழையைச் செயலில் நானே நிலைநாட்டினேன் என்பது ஓய்வு பெற்ற பின்னரே எனக்கு விளங்கிற்று.

பேச்சு வழக்கில் இதனை எடுபிடி வேலை என்கிறோம். எடு, பிடி இரண்டும் ஏவல் வினைகள். ஏவுவோர் குரலே அச்சொல்லில் ஒலிக்கிறது. செய்வோர் அதில் இல்லை.

இத்தகைய பணிக்கு நம் அறநூல்கள் இட்ட பெயர் வையாவிருத்தியம். தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயம் அகத்தவம் ஆறனுள் இதனை மூன்றாவதாக வைக்கிறது. உண்ணாநோன்பு புறத்தவம், பணிவிடையோ அகத்தவம். அதனைப் பெறுவதற்குரிய பதின்மருள் ஆசாரியரோடு நோயுற்ற முனிவரும், புதிதாகப் பயிலும் முனிவரும் உளர். எனவே மூத்தவர் இளையவர்க்குச் செய்வதும் தவமே. இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் சமந்தபத்திரர் இதனை இல்லறத்தார்க்குரிய சிட்சாவிரதங்களுள் ஒன்றாக விதித்து, கால் பிடித்துவிடுதலையும் அதனுள் அடக்கினார்.

அங்ஙனமாயின், நம் இல்லத்தில் பாத்திரம் துலக்கும் பெண்மணி செய்வதும் தவமா? அவ்வாறு கூறி அவரைத் தேற்றுதல் தகாது. தவம் என்பது விரும்பி மேற்கொள்வது. அவரோ பிழைப்புக்காக உழைக்கிறார். அவர்க்கு நாம் தரவேண்டியவை உரிய ஊதியமும், ஓய்வும், மரியாதையான விளியுமே. தவம் என்னும் சொல்லை நமக்கே வைத்துக்கொள்வோம். ஆனால் அதற்குரிய வேலையையும் நாமே செய்தல் வேண்டும்.

நம் அகிம்சை எங்கே வாழ்கிறது என்று எண்ணிப் பாருங்கள். நீரை வடிகட்டி, வடித்த துணியை நீர் எடுத்த கிணற்றிலேயே உயிர்கள் சேருமாறு அலசிவிடுதல். தானியத்தைப் புடைத்துப் பூச்சி பார்த்தல். பொழுது சாயுமுன் சமைத்து முடித்தல். நாள்தோறும் செய்தும் முடிவு பெறாத, சலிப்பூட்டும் வேலைகள் இவை. என் அன்னையார் இவற்றை விரதம் என்று சொன்னதில்லை. வேலை என்றே சொன்னார். இன்று பல இல்லங்களில் விரதத்தின் பெயர் நம்மிடம் இருக்கிறது. அதன் உழைப்பு ஒரு மருமகளிடமோ, கூலிக்கு வருபவரிடமோ இருக்கிறது.

ஆகவே இல்லத்தில் ஆண், பெண், முதியோர், சிறுவர் ஒவ்வொருவரும் இத்தகைய பணி ஒன்றைத் தமக்கென ஏற்றல் நன்று. பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் ஒரு வேண்டுகோள்: துடைப்பத்தைத் தண்டனையாகக் குழந்தையின் கையில் கொடுக்காதீர்கள். நான் கொடுத்தேன். அவ்விருவரும் அன்று கற்றது தூய்மையை அன்று. பெருக்குபவர் தாழ்ந்தவர் என்பதையே.