நெஞ்சுக்குள் ஒரு சாண்

காஞ்சிபுரம் காரப்பேட்டையில் உள்ள அரசு புற்றுநோய் மருத்துவமனைக்கு அறிஞர் அண்ணாவின் பெயர். இந்த ஊரில் பிறந்த முதலமைச்சர் என்பது மட்டும் அதற்குக் காரணம் இல்லை; அவரைக் கொண்டுபோனதே புற்றுநோய்தான். புகையிலைப் பழக்கம் உள்ளவர். உணவுக்குழாயில் நோய் கண்டு 1968 செப்டம்பரில் நியூயார்க்கில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். திரும்பி வந்து வேலை பார்த்தார். 1969 பிப்ரவரி 3 அன்று, 59 வயதில், அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் காலமானார்.

இந்த நோய் ஏன் தாமதமாகவே பிடிபடுகிறது? உணவுக்குழாய் ஏறத்தாழ 25 செ.மீ. நீளம்; ஒரு சாண். அது நன்றாக விரிந்துகொடுக்கும் தசைக்குழாய். உள்ளே கட்டி வளர்ந்தாலும் எஞ்சிய சுவர் விரிந்து வழிவிடும். சோறு நெஞ்சில் நின்று இறங்கத் தொடங்கும்போது பாதை பெருமளவு அடைபட்டிருக்கும். அப்போதும் நோயாளி சமாளிக்கிறார்: கூடுதலாக மெல்லுகிறார், வாய்க்கு வாய் தண்ணீர் குடிக்கிறார், ரசம் சாதத்துக்கும் கஞ்சிக்கும் மாறுகிறார். மாதங்கள் போய்விடும். இன்னொரு கெடுதல், இரைப்பைக்கும் குடலுக்கும் இருப்பதுபோன்ற வெளியுறை இந்தக் குழாய்க்குக் கிடையாது. கட்டி சுவரைத் தாண்டினால் மூச்சுக்குழாயும் பெருந்தமனியும் அருகிலேயே இருக்கின்றன.

அண்ணா காலத்தில் பேரியம் கரைசலைக் குடிக்கச் செய்து எக்ஸ்ரே எடுப்பார்கள். குழாய் எங்கே குறுகியிருக்கிறது என்று நிழல் காட்டும். என்ன நோய் என்று சொல்லாது. அதற்கு வளையாத உலோகக் குழாயை உள்ளே விட்டுச் சதை எடுக்க வேண்டும். வளையும் எண்டோஸ்கோப்பை அமெரிக்காவில் ஹிர்ஷோவிட்ஸ் 1957இல்தான் காட்டியிருந்தார். இன்று விரல் பருமனுள்ள கேமராக் குழாயே பார்த்து, சந்தேகமான இடத்தில் சதையும் கிள்ளி வந்துவிடுகிறது. நோய் எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று சி.டி. ஸ்கேன் சொல்லும்.

கதிர்சிகிச்சைக்கு அடையாறில் 1957இலேயே கோபால்ட் கருவி வந்துவிட்டது. கோபால்ட்-60இன் வீரியம் சுமார் 5.3 ஆண்டில் பாதியாகும். கருவி பழசாக ஆக, அதே அளவு கதிருக்கு நோயாளி அதிக நேரம் படுத்திருக்க வேண்டும். இன்றைய லீனியர் ஆக்சிலரேட்டர் கருவியில் இந்தத் தேய்மானம் இல்லை. எலக்ட்ரான்களை வேகப்படுத்தி உலோகத்தில் மோதவிட்டு, வேண்டும்போது எக்ஸ் கதிரை உண்டாக்குகிறது. கதிர் வரும் வாயில் மெல்லிய உலோகத் தகடுகள் வரிசையாக நிற்கும். தறியில் ஜக்கார்டு கருவி ஒவ்வொரு பாவு இழையையும் தனித்தனியே தூக்கிப் பூவேலையைக் கொண்டுவருவதுபோல, ஒவ்வொரு தகடும் தனித்தனியே நகர்ந்து கட்டியின் வடிவத்துக்கே கதிரை வெட்டித் தரும். இதயமும் நுரையீரலும் தண்டுவடமும் நெருங்கிக் கிடக்கும் இடத்தில் இது பெரிய காரியம். பலருக்கு மருந்தும் கதிரும் சேர்த்துக் கொடுத்துக் கட்டியைச் சுருக்கிவிட்டு, பிறகு அறுவை செய்கிறார்கள். அதற்கும் வழியில்லாதவர்களுக்கு, விரியும் உலோக ஸ்டென்ட் வைத்தால் மறுபடி வாயால் சாப்பிட முடியும்.

இத்தனை கருவியும் நேரத்தோடு வந்தவருக்குத்தான் முழுப்பலன் தரும். புகையிலை போடுகிறவரோ குடிப்பழக்கம் உள்ளவரோ, ஐம்பது வயதைத் தாண்டியவரோ, சோறு இறங்கவில்லை என்றால் 'கேஸ்' மாத்திரை வாங்கி நாளைக் கடத்தாமல் எண்டோஸ்கோப்பி செய்துகொள்ள வேண்டும். தொண்டையை மரக்கச் செய்ய மருந்து அடித்துவிட்டுச் செய்யும் பரிசோதனை. பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.