நஷ்ட வருஷத்தில் கொடுத்த மனுஷன்

 

ஆராதனை முடிந்து வெளியே வரும்போது சில விசுவாசிகள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வதுண்டு: "பாஸ்டர், கர்த்தருக்குன்னு ஏதாவது செய்யணும்னு ரொம்ப வாஞ்சை. ஆனா கடையை யார் பாக்கிறது? பிள்ளைங்க படிப்பு இருக்கு, கடன் ஒண்ணு இருக்கு. அதெல்லாம் முடியட்டும், அப்புறமா பெரிசா செய்யறேன்."

இந்த "அப்புறமா" என்கிற வார்த்தையைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன். அதற்காக அமெரிக்க தேசத்து வியாபாரி ஒருவரை நினைவுகூருகிறேன். அவர் பிரசங்கியாக அபிஷேகம் பெற்றவர் அல்ல, வேதாகமக் கல்லூரியில் படித்தவரும் அல்ல. கிரீஸ் படிந்த கையோடு வேலை செய்த ஒரு மெக்கானிக். அவர் பெயர் ஆர். ஜி. லெட்டூர்னோ.

மரித்த குழந்தையின் அருகே

1888-ம் வருஷம் வெர்மான்ட் மாநிலத்தில் பிறந்தவர். 14 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு இரும்பு வார்ப்படப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். 16 வயதில் இரட்சிக்கப்பட்டார். ஆனால் ரொம்ப நாளைக்கு அவருடைய கிறிஸ்தவ ஜீவியம் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டுமே! மற்ற நாளெல்லாம் பட்டறை, மோட்டார், பிழைப்பு.

1917-ல் எவலின் என்ற பெண்ணை விவாகம் செய்தார். கலிபோர்னியாவிலே ஸ்டாக்டன் என்ற ஊரில் கூட்டாளியோடு சேர்ந்து மோட்டார் பழுது பார்க்கும் கடை நடத்தினார். அந்தக் கடை நொடிந்துபோய், கழுத்துக்கு மேலே கடன். அதே காலத்தில், 1919-ல், உலகத்தையே உலுக்கிய விஷக்காய்ச்சல் அவர் வீட்டிலும் நுழைந்தது. தலைச்சன் பிள்ளை காலேப், கைக்குழந்தை, மரித்துப்போனான்.

பிரியமானவர்களே, பெற்ற பிள்ளையைப் புதைத்த தகப்பனுக்கு என்ன ஆறுதல் சொல்ல முடியும்? அந்த இருட்டிலே லெட்டூர்னோ முழங்காலில் நின்றார். தேவன் பிள்ளையைப் பறித்து அவரைத் தண்டித்தார் என்று நான் சொல்லமாட்டேன், அப்படிச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் அந்தத் துக்கத்தில் அவர் தன் ஜீவியத்தை ஆராய்ந்து பார்த்தார். 'இத்தனை நாளும் எனக்காக உழைத்தேனே, கர்த்தருக்கு மிச்சம் மீதியைத்தானே கொடுத்தேன்' என்று உணர்ந்தார்.

அவருடைய சகோதரி சீனாவில் மிஷனரி. 'நானும் முழு நேர ஊழியத்துக்குப் போகவேண்டுமோ?' என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. விடியற்காலையிலேயே தன் பாஸ்டரிடம் போய்க் கேட்டார். இருவரும் சேர்ந்து ஜெபித்தார்கள். ஜெபம் முடிந்ததும் பாஸ்டர் என்ன சொன்னார் தெரியுமா? பிரசங்கிமாரும் மிஷனரிகளும் தேவனுக்குத் தேவைப்படுவதுபோல வியாபாரிகளும் தேவை என்றார்!

அன்றுமுதல் அவருக்கு வியாபாரம் என்பது பிழைப்பு மட்டும் அல்ல, ஊழியம். பட்டறையே பலிபீடம். கையிலே காசு இல்லை, தலையிலே கடன் இருக்கிறது. அந்த நிலையில்தான் ஒப்புக்கொடுத்தார்!

கூலிக்கு ஒருவருடைய டிராக்டரைப் பழுது பார்க்கப் போனார். "பழுது பார்த்த நீயே நிலத்தையும் சமன் பண்ணிக் கொடு" என்றார் சொந்தக்காரர். அப்படித்தான் மண் வேலை ஆரம்பித்தது. பிறகு பழைய டிராக்டர் ஒன்றை வாங்கினார். மண்ணைச் சுரண்டி வாரிக்கொண்டு போய்க் கொட்டும் யந்திரங்களைத் தானே செய்யத் தொடங்கினார். மனைவியும் வேலை நடந்த இடத்துக்கே கூடப் போய், வேலைக்காரர்களுக்கு ஆக்கிப் போட்டார்.

ஒரு "அப்புறமா" செய்த வேலை

இனி நான் சொல்லப்போகிறதைக் கவனமாக வாசியுங்கள். 1930-களின் தொடக்கம். அமெரிக்கா முழுவதும் பொருளாதார மந்தம். லெட்டூர்னோ தன் சபையில் ஒவ்வொரு வருஷமும் மிஷனரி ஊழியத்துக்கென்று பொருத்தனை பண்ணிக் கொடுத்து வந்தார். ஒரு வருஷம் நல்ல லாபம். அப்போது அவருக்கு ஒரு யோசனை வந்தது. 'ஆண்டவரே, உமக்குச் சேரவேண்டிய பங்கை இந்த வருஷம் தொழிலிலே போட்டுப் பெருக்குகிறேன். அடுத்த வருஷம் சேர்த்துப் பெரிசாத் தருகிறேன்.'

கேட்கிறதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது, பார்த்தீர்களா! கொடுக்கமாட்டேன் என்று சொல்லவில்லை. அப்புறமாக் கொடுக்கிறேன் என்றார், அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் லாபம் வரவில்லை. நெவாடா பாலைவனத்திலே எடுத்த சாலை வேலையில் அடியில் பாறை! ஏறக்குறைய 1,00,000 டாலர் நஷ்டம். கம்பெனியே மூழ்கும் நிலை.

மறுபடியும் சபையில் பொருத்தனை செய்யும் நாள் வந்தது. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? நானாக இருந்தால்? 'ஆண்டவருக்குத் தெரியாதா என் கஷ்டம்' என்று சும்மா இருந்திருப்போம். லெட்டூர்னோவோ தன் பிழையை உணர்ந்து ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டார். லாபம் வந்த வருஷத்தில் கொடுக்காமல் வைத்துக்கொண்டவர், நஷ்ட வருஷத்தில் மறுபடியும் பொருத்தனை பண்ணினார். அதை நிறைவேற்றவும் செய்தார்.

1 இராஜாக்கள் 17-ம் அதிகாரத்தில் வருகிற சாறிபாத் விதவையை நினைத்துப் பாருங்கள். பானையிலே மீந்திருந்தது ஒரு பிடி மாவு. எலியா அவளிடம், பானை நிறைந்த பிறகு கொடு என்று சொல்லவில்லையே! முதலாவது எனக்கு ஒரு சிறிய அடை செய்துகொண்டு வா என்றல்லவா கேட்டான்? 2 கொரிந்தியர் 8-ம் அதிகாரத்தில் பவுல் மெச்சுகிற மக்கெதோனியா சபைகளும் செல்வமுள்ள சபைகள் அல்ல. தரித்திரத்தின் நடுவிலே வலிந்து கொடுத்தவர்கள் அவர்கள்.

தலைகீழான தசமபாகம்

அதற்குப் பிறகு கர்த்தர் அவருடைய தொழிலை விருத்தியாக்கினார். 1935-ல் அவரும் எவலினும் சேர்ந்து ஓர் அறக்கட்டளையை ஏற்படுத்தினார்கள். வருமானத்தில் 90 சதவீதம் கர்த்தருடைய வேலைக்கு, 10 சதவீதம் குடும்பத்துக்கு! நாம் ஆண்டவருக்குப் பத்தில் ஒன்று கொடுக்கவே கணக்குப் பார்க்கிறோம். அந்த மனுஷன் பத்தில் ஒன்றைத் தனக்கு வைத்துக்கொண்டார். என் பணத்தில் ஆண்டவருக்கு எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. ஆண்டவருடைய பணத்தில் எனக்கு எவ்வளவு என்று கேட்டார். கேள்வி மாறினால் கணக்கே மாறிவிடும்!

1946-ல் டெக்சாஸ் மாநிலம் லாங்வியூ ஊரில், காலியாகிவிட்ட ஒரு ராணுவ மருத்துவமனை வளாகத்தை வாங்கி, யுத்தத்திலிருந்து திரும்பிய வாலிபர்களுக்குத் தொழிலும் வேதமும் கற்றுக்கொடுக்கப் பள்ளி ஆரம்பித்தார்கள். அது இன்று லெட்டூர்னோ பல்கலைக்கழகமாக நிற்கிறது. 1950-களில் லைபீரியாவுக்கும் பெரு தேசத்துக்கும் யந்திரங்களைக் கப்பலேற்றி அனுப்பி, சாலையும் விவசாயமும் சுவிசேஷமும் கைகோர்த்துப் போகும்படி முயற்சி செய்தார். அவை அவர் நினைத்தபடியெல்லாம் நிலைக்கவில்லை, பெரும் பணத்தையும் விழுங்கின. ஆனாலும் அவர் கொடுக்கிறதை நிறுத்தவில்லை.

இங்கே ஒரு எச்சரிப்பு. "கொடு, பத்து மடங்கு வரும்" என்று சிலர் போதிக்கிறார்கள். ஜாக்கிரதை! காணிக்கைப்பெட்டி லாட்டரிச் சீட்டு அல்ல. லாபம் வரும் என்று கொடுத்தால் அது கொடுப்பதே அல்ல என்பதை லெட்டூர்னோவே கண்டித்துச் சொன்னவர். ஏறக்குறைய 300 காப்புரிமைகள் அவர் பெயரில் இருந்தன. ஆனால் அதே மனுஷன் கைக்குழந்தையைப் புதைத்தார். 1937-ல் கார் விபத்தில் சிக்கி, இடுப்பெலும்பு முறிந்து படுத்துக் கிடந்தார். வாலிபனான இன்னொரு மகனை விமான விபத்தில் பறிகொடுத்தார். கொடுத்ததினால் பாடு வராமல் போகவில்லை. பாடு வந்தபோதும் கொடுத்தார், அதுதான் சாட்சி!

வீட்டிலே ஒரு ஊழியக்காரி

எவலின் அம்மையாரைச் சொல்லாமல் விட்டால் சாட்சி பாதிதான். ஊர்ப் பிள்ளைகளை வண்டியிலே ஏற்றிக்கொண்டு ஓய்வுநாள் பள்ளிக்கு அழைத்துப் போவார். வேலை கற்க வந்த வாலிபர்களைச் சொந்தப் பிள்ளைகளைப்போல் வீட்டில் வைத்துச் சோறு போட்டார். 1969-ம் வருஷம் அமெரிக்காவின் சிறந்த தாய் என்று அவர்களைக் கனப்படுத்தினார்கள். அதே வருஷம் ஜூன் 1-ம் தேதி லெட்டூர்னோ தமது 80-வது வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். புருஷன் மாத்திரம் கொடுத்து, மனைவி முறுமுறுத்திருந்தால் இந்த ஊழியம் நடந்திருக்குமா? தாய்மாரே, யோசித்துப் பாருங்கள்.

அன்பான விசுவாசியே, நீ மளிகைக்கடை வைத்திருக்கலாம். ஆட்டோ ஓட்டலாம். தையல் மிஷின் மிதிக்கலாம். 90 சதவீதம் கொடு என்று நான் கேட்கவில்லை. கடன்காரனுக்குக் கொடுக்கவேண்டியதையும், பிள்ளைகளின் ஆகாரத்தையும் கொண்டுவந்து காணிக்கையாகப் போடு என்றும் சொல்லவில்லை. நம் தேவன் அப்படிப்பட்டவர் அல்ல. ஒரே ஒரு காரியம் கேட்கிறேன். ஆண்டவருக்கென்று நீ மனதிலே தீர்மானித்து, "அப்புறமா" என்று தள்ளி வைத்திருக்கிறாயே, அது என்ன? பக்கத்து வீட்டு விதவையின் பிள்ளைக்குக் கட்டவேண்டிய பள்ளிக் கட்டணமா? வியாதியாய்க் கிடக்கிற சகோதரனுக்கு ஒரு வேளைச் சாப்பாடா? உன் கடையிலே வேலை செய்கிற பையனுக்கு நியாயமான கூலியா? அதை இந்த வாரமே செய்துவிடு. கல்லாப்பெட்டி நிறையட்டும் என்று காத்திராதே. நிறைந்த கல்லாவும் "அப்புறமா" என்றுதான் சொல்லும்!

ஜெபிப்போம்: அன்பின் பரம பிதாவே, எங்கள் கையில் இருப்பதெல்லாம் உம்முடையது. லாபத்திலும் நஷ்டத்திலும் உம்மை முதலாவது வைக்க எங்களுக்குக் கிருபை தாரும். தள்ளிப்போட்ட பொருத்தனைகளை மன்னித்து, இன்றே நிறைவேற்ற பெலன் தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபம் கேளும் பிதாவே. ஆமென்.