மூத்தாப்பாவின் சீட்டி

என் மூத்தாப்பா சீட்டியடிப்பார். அஸருக்குப் பின் வளவில், வேப்பமரத்தடியில் சாய்மனைக் கதிரையைப் போட்டுக்கொண்டு அவர் அடிக்கும் மெட்டு எப்போதும் ஒன்றேதான். சின்னத் துண்டொன்று மூன்று நான்கு தடவை திரும்பத் திரும்ப வரும். போகப் போகச் சத்தம் குறைந்து, முடிந்துவிட்டதென நாங்கள் நினைக்கையில் திடீரென்று உரத்து எழும். மஹ்ரிபு நெருங்கினால் அடுப்படிக்குள்ளிருந்து மூத்தம்மாவின் குரல் வரும்: "இஞ்சருங்க, வெளக்கு வெக்கிற நேரத்தில சீட்டியடிச்சா ஷைத்தான் வீட்டுக்க வரும்." அவர் நிறுத்திவிடுவார். என்ன பாட்டு என்று நான் கேட்டால், "வெள்ளக்காரன்ட பாட்டு மனெ" என்பார். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது.

1942இன் தொடக்கத்தில் கூலி வேலைக்கென்று கல்முனையிலிருந்து திருகோணமலைக்குப் போனவர் அவர். சீனக்குடா விமானத் தளத்தில் மண் சுமந்திருக்கிறார். அவ்வருடம் ஏப்ரல் 5இல் கொழும்பிலும் 9இல் திருகோணமலையிலும் யப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. அதே 9ஆம் திகதி மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலும் மூழ்கடிக்கப்பட்டது. முந்நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். இவையெல்லாம் பயிற்சிக் கலாசாலை நூலகத்தில் நான் படித்தறிந்தவை. குண்டு விழுந்தபோது அங்கேயே இருந்த மூத்தாப்பா அதைப் பற்றி வாய் திறந்ததேயில்லை. சிப்பாய்மார் மாலையில் சுழலவிட்ட கிறாமபோன் பெட்டியைப் பற்றிச் சொல்வார். கூலியை எண்ணிக் கையில் தந்ததைப் பற்றிச் சொல்வார். "அது ஒரு நல்ல காலம் மனெ."

மூத்தம்மாவிடம் அதே யுத்தம் வேறாக இருந்தது. பர்மா யப்பானியர் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோனது. கூப்பனும் சங்கக்கடையும் ஊருக்கு ஊர் பெருகியது அப்போதுதான். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றதும், மரவள்ளிக்கிழங்கை அவித்துப் பிள்ளைகளைப் படுக்க வைத்ததும்தான் அவவின் யுத்தம். ஒரே குடும்பத்தில் ஒருவருக்கு மெட்டு மிஞ்சியது, மற்றவருக்குப் பசி மிஞ்சியது. அவர் சீட்டியடிக்கும்போதெல்லாம் அவவுக்கு வந்த கோபம் உண்மையில் ஷைத்தானைப் பற்றியதுதானா என்று இப்போது சந்தேகப்படுகிறேன்.

மூத்தாப்பா மௌத்தாகி நெடுங்காலத்தின் பின், என் மகளின் கைத்தொலைபேசியில் தற்செயலாக அந்த மெட்டு வந்தது. ஒரே மாதிரி உடையணிந்த வெள்ளையர்கள் வரிசையாக எழுந்து நின்று பித்தளைக் குழல்களை ஊதுகிறார்கள். அதே துண்டு, அதே தாழ்வு, அதே திடீர் எழுச்சி. 'இன் த மூட்' என்று பெயராம். கிளென் மில்லர் என்ற அமெரிக்கரின் பெரிய வாத்தியக் குழு 1939இல் இசைத்தட்டாக வெளியிட்டது. அவர் 1942இல் படையில் சேர்ந்து சிப்பாய்களுக்காக இசைக்குழு நடத்தி, 1944 டிசம்பர் 15இல் இங்கிலாந்திலிருந்து பாரிசுக்குப் புறப்பட்ட விமானத்தோடு காணாமற்போனார். அந்த விமானம் கண்டெடுக்கப்படவேயில்லை. நான் அழுதேன் என்பதைச் சொல்ல வெட்கமில்லை. கிளென் மில்லருக்காக அல்ல.

பிறகு தேடிப் பார்த்தால், அந்த இசைக்காக ஏங்குவோர் உலகம் முழுக்க இருக்கிறார்கள். 1944இல் பர்மா முனைவரை போய்ச் சிப்பாய்களுக்குப் பாடிய வேரா லின் 2020 ஜூனில், 103ஆவது வயதில் காலமானார். அதற்குச் சற்று முன்னர் கொரோனா முடக்கத்தின் நடுவே எலிசபெத் மகாராணி நாட்டு மக்களுக்கு ஆற்றிய உரையைக்கூட அவரது பாட்டை நினைவூட்டும் சொற்களோடுதான் முடித்தார். அன்றும் ஓர் ஏப்ரல் 5 என்பது எனக்கு மட்டும் உறுத்திய ஒற்றுமையாக இருக்கலாம். இவர்கள் ஏங்குவது எதற்காக? குண்டுக்காக இருக்க முடியாது. ஊரெல்லாம் ஒரே றேடியோவின் முன் குந்தியிருந்த அந்த நெருக்கத்துக்காக என்கிறார்கள். நம்புகிறேன். ஆனால் வேரா லின் பர்மாவுக்குப் போவதற்கு முந்திய வருடம்தான் பக்கத்து வங்காளத்தில் இலட்சக்கணக்கானோர் பட்டினியால் செத்தார்கள். அந்த நெருக்கத்தின் வட்டத்துக்குள் அவர்கள் இல்லை. பாட்டைக் கேட்டு ஏங்குகிறவன், தான் எந்தப் பக்கத்தில் நின்று அதைக் கேட்டான் என்பதை மறந்துவிடுகிறான். மூத்தாப்பா மறந்தது போல.

ஏக்கத்துக்கு மேற்கே வழங்கும் பெயர் முதலில் ஒரு நோயின் பெயர். 1688இல் ஹோஃபர் என்ற சுவிஸ் மருத்துவ மாணவர் சூட்டியது. அந்நிய மன்னர்களுக்காகக் கூலிக்குப் போரிடப்போன சுவிஸ் சிப்பாய்கள், தம் மலையூரின் மாடு மேய்க்கும் பாட்டைக் கேட்டால் உருகி நோயுற்றார்கள், படையை விட்டு ஓடினார்கள், அதனால் அந்தப் பாட்டே தடுக்கப்பட்டது என்று பிற்காலத்தில் ரூசோ எழுதினார். அப்போது பாட்டு போரிலிருந்து வீட்டை நோக்கி இழுத்தது. நம் காலத்தில் வீட்டிலிருந்துகொண்டு போர்க்காலத்தை நோக்கி இழுக்கிறது. எப்போது திசை மாறியது என்று யாராவது எழுத வேண்டும்.

நம்மவர் ஏக்கமெல்லாம் இலங்கை வானொலி என்பார்கள் சிலர். வாப்பா அந்தக் கட்சி. அப்துல் ஹமீதின் குரல் கேட்டால் சோற்றுக் கோப்பையிலேயே கை நின்றுவிடும் அவருக்கு. ஆனால் அந்த வானொலியும் ஒரு யுத்தத்தின் பிள்ளைதான். மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியக் கட்டளைப்பீடம் 1944இல் கண்டிக்கு வந்தபின், படையினருக்கென்று இலங்கையிலிருந்து ஒலிபரப்பியது ரேடியோ சீயக். அதற்காக ஏக்கலவில் நிறுவிய 100 கிலோவாற் சிற்றலைக் கருவிதான் பின்னர் இலங்கை அரசின் கைக்கு வந்து வர்த்தக சேவையைக் கடல் கடந்து கொண்டுபோனது. 1952இல் இந்திய அமைச்சர் கேஸ்கர் தம் வானொலியில் சினிமாப் பாட்டுகளை ஒடுக்கப் போக, இந்தியா முழுவதும் கொழும்பின் பக்கம் காதைத் திருப்பியது. தமிழ்நாட்டார் இன்றும் இலங்கை வானொலி என்று உருகுகிறார்களே, அவர்கள் உருகுவது சிப்பாய்களுக்கு வேரா லின்னைக் கேட்கவைத்த நிலையத்தின் மிச்சத்துக்குத்தான். இதை வாப்பாவிடம் சொன்னேன். "அதுக்கென்ன, பாட்டு நல்லாத்தானே இருந்திச்சி" என்றார்.

இதுவரை எழுதியது சுலபம். என் சொந்த யுத்தத்துக்கு வருகிறேன்.

1990இன் முற்பகுதியில் இந்தியப் படை திரும்பிப் போனபோது எனக்குப் பதினொரு வயது. எங்கள் கரையோரத்தில் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வரும். புட்டும் தேங்காய்ப்பூவும் என்பது மேடைகளில் கேட்டுப் புளித்துப்போன உவமை. ஆனாலும் சத்தத்தைப் பொறுத்தவரை அது உண்மை. அவர்களுடைய கோயில் மணி எங்களுக்குக் கேட்கும், எங்களுடைய அதான் அவர்களுக்குக் கேட்கும். அந்த மாதங்களில் பக்கத்து ஊர் ஒலிபெருக்கியில் இயக்கப் பாட்டுகள் போனது. துடிப்பான மெட்டுகள். நாங்கள் கிறிக்கெட் அடித்துக்கொண்டே அவற்றை முணுமுணுத்தோம். யாருடைய பாட்டு, யாரை நோக்கிய பாட்டு என்ற யோசனை பதினொரு வயதில் எங்கே வந்தது?

பிறகு அந்த வருடம் என்னவானது என்பதை இந்தச் சஞ்சிகையின் வாசகருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சில நாட்களில் ஏறாவூர். எங்கள் வீட்டுக்கு அது சாச்சாவாக வந்தது. வயலுக்குப் போனவரை ஆயுதம் தாங்கியவர்கள் மறித்தார்கள். மையித்து மூன்றாம் நாள்தான் கிடைத்தது. அதன்பின் எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பாட்டுகளை முணுமுணுக்கவில்லை. வேண்டாம் என்று யாரும் சொல்லவுமில்லை.

ஆனால் மெட்டு போகவில்லை. நாற்பது கடந்த பிறகு, மோட்டார் சைக்கிளில் பாடசாலைக்குப் போகும்போது, ஹெல்மட்டுக்குள் அது தானாக வரும். வந்ததை உணர்ந்ததும் தேகம் கூசும்.

எங்கள் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கும் ஆசிரியர் பக்கத்துத் தமிழ்க் கிராமத்தவர். அவருடைய தம்பி இயக்கத்துக்குப் போனவர், திரும்பி வரவில்லை. என் சாச்சாவின் கதை அவருக்குத் தெரியும், அவர் தம்பியின் கதை எனக்குத் தெரியும். பன்னிரண்டு வருடமாக ஒரே மேசையில் தேநீர் குடிக்கிறோம், இரண்டையும் பேசியதில்லை. ஒரு மாரி நாளில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவர் தன்னையறியாமல் முணுமுணுக்கத் தொடங்கினார். அதே மெட்டு. நிமிர்ந்து என்னைக் கண்டதும் முகம் வெளிறிவிட்டது. "மன்னிச்சுக்கொள்ளுங்க சேர்" என்றார். "பரவாயில்ல சேர், பாடுங்க" என்றேன். அவர் பாடவில்லை. அன்று முழுக்க அவருடைய கண்களில் நான் பெருந்தன்மையான மனிதனாக இருந்தேன். உண்மை என்னவென்றால், எனக்கு அதன் மிச்சத்தைக் கேட்க வேண்டும்போலிருந்தது. மன்னிப்பு என்று அவர் எடுத்துக்கொண்டது என் ஆசையை.

பாட்டுக்குப் பகையில்லை என்று ஆறுதல் சொல்வோர் லிலி மார்லீன் கதையைச் சொல்வார்கள். 1941இல் பெல்கிறேட்டிலிருந்து ஜேர்மனியரின் வானொலி இரவுதோறும் ஒலிபரப்ப, வட ஆபிரிக்கப் பாலைவனத்தில் எதிரெதிராகக் கிடந்த ஜேர்மானியரும் ஆங்கிலேயரும் சேர்ந்தே கேட்டார்களாம். கேட்க இனிமையான கதை. ஆனால் அதற்கு மெட்டமைத்த நோர்பேர்ட் சுல்ட்ஸே இங்கிலாந்தின் மீது குண்டு போடுவதைக் கொண்டாடும் பாட்டுக்கும் மெட்டமைத்தவர். இந்தப் பின்பாதியைச் சொல்வோர் குறைவு.

இசை கூடுமா கூடாதா என்ற வழக்குக்குள் நான் நுழையவில்லை. அதற்கு உலமாக்கள் இருக்கிறார்கள். ஆனால் இமாம் கஸ்ஸாலி இஹ்யாவில் இசை கேட்டலைப் பற்றி எழுதிய பகுதியில் என்னை நிறுத்திய இடம் ஒன்றுண்டு. இசை உள்ளத்தில் இல்லாததை உண்டாக்குவதில்லை, இருப்பதையே அசைக்கிறது என்கிறார். துயரத்தை இரண்டாகப் பிரிக்கிறார். கைநழுவிப் போனதற்காக வருந்துவது பழிக்கத்தக்கது. மார்க்க விடயத்தில் தன்னிடமுள்ள குறைக்காக வருந்துவது புகழத்தக்கது. என் முணுமுணுப்பு இதில் எது? பதினொரு வயதுப் பையனின் கிறிக்கெட் மைதானம் கைநழுவியதற்கான வருத்தம் என்றால் அது முதலாவது. சாச்சாவைக் கொன்ற காலத்தின் மெட்டை ரசிக்கிறேனே என்ற கூச்சம் இரண்டாவதாக இருக்கலாம். இரண்டும் ஒரே மூச்சில் வருகின்றன. இமாமின் தராசில் வைக்கப் போனால் அவை பிரிய மறுக்கின்றன. ஆசிரியருடைய துயரத்தை எந்தத் தட்டில் வைப்பதென்பது என் வேலையே அல்ல.

இவ்வளவையும் யோசித்து, குறைந்தபட்சம் ஓர் ஒழுங்கையாவது கண்டேன் என்று எண்ணியிருந்தேன். சாச்சி உள்ள இடத்தில் முணுமுணுக்காதே. இறந்தவனின் மனைவி உள்ள இடத்தில் அந்த மெட்டுக்கு இடமில்லை. மற்ற இடங்களில் அவரவர் மனச்சாட்சி. சாச்சியின் வீட்டு வாசலுக்கு வந்ததும் என் வாய் தானாக மூடிக்கொள்ளும்.

கடந்த நோன்புப் பெருநாளுக்கு அங்கு போயிருந்தேன். பக்கத்து வீட்டில் யாரோ நாகூர் ஹனீபாவின் பாட்டைப் போட்டார்கள். நாங்களெல்லாம் சிறுவயது முதல் கேட்ட, கையேந்திக் கேட்பது பற்றிய பாட்டு. சாச்சி எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினா. எனக்குப் புரியவில்லை. "அவர் வயலுக்குப் போகக்க சைக்கிள்ள படிச்சிக்கிட்டுப் போன பாட்டுடா இது" என்றா. "கடைசியாக் கேட்டதும் இதத்தான்." முப்பத்தைந்து வருடமாக அந்தப் பாட்டு வரும்போதெல்லாம் ஜன்னலைச் சாத்தியிருக்கிறா, நாங்கள் யாரும் கவனித்ததில்லை. இயக்கப் பாட்டு பற்றி நான் மெல்லக் கேட்டேன். "அது என்னமோ ஸ்பீக்கர்ல போகும். ஆரு கேட்டா" என்றுவிட்டு வட்டிலப்பம் எடுக்க உள்ளே போனா.

இவ்வருட மீலாத் விழாவுக்கு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் பழக்கிக்கொண்டிருப்பது அதே ஹனீபா பாட்டு. சாச்சியின் பேரன் முன்வரிசையில் நிற்கிறான், நல்ல குரல். விழாவுக்கு வரச்சொல்லி மூத்தம்மாவிடம் சொல்லிவிட்டதாக நேற்று வந்து சொன்னான். பாட்டை மாற்ற இன்னும் இரண்டு கிழமை இருக்கிறது.