அறிவு மயங்கினார்க்கு உறவினர் செய்யுங் கடன்

மூத்தோரொருவர் மறதிநோயால் அறிவு மயங்கித் தமக்குரியதைத் தாமே துணியமாட்டாராயவிடத்து, அவர்பொருட்டுத் துணிதற்குரியார் யாவர்? மக்களும் உடன்பிறந்தாருமே என்பது நம்மவருட் பெரும்பாலார் கருத்து. அவர் உரியரென்பது மெய்யே. எவ்வாற்றால் உரியர் என்பதே ஈண்டு ஆராயப்படும்.

ஆன்மா வேறு, மனம் புத்தி சித்தம் அகங்காரமென்னும் அந்தக்கரணங்கள் வேறு என்பது சைவசித்தாந்தத் துணிபு. சிவஞானபோதத்து நான்காஞ் சூத்திரம் இவ்வேறுபாட்டை நிறுவுகின்றது. ஆகவே நினைவு கெடுதல் கருவியின் கேடேயன்றி ஆன்மாவின் அழிவன்று. சுழுத்தியிலே கருவிகள் ஒடுங்கக் கிடப்பவனுடைய வீட்டையும் நிலத்தையும், அவன் அறியாமைபற்றிப் பிறர் தமதென்றல் அறமாகுமா? ஆகாது. நோயால் மயங்கினார்க்கும் அஃதொக்கும். ஆன்மாக்களை உடையவன் பதியாகிய சிவபெருமான் ஒருவனே. ஆதலின் உறவினர் அவருக்குச் சான்றாவாரேயன்றி அவரை உடையவராகார்.

இதனைச் சட்டமுந் தழுவுகின்றது. எம்மவர் பலர் குடியேறி வாழும் இங்கிலாந்திலே 2005 ஆம் ஆண்டு இயற்றப்பட்ட மனத்தகைமைச் சட்டம், வயது வந்தோர் யாவரும், மாறாக நிலைநாட்டப்படுங்காறும், தாமே துணிய வல்லவரெனக் கொள்ளப்படல் வேண்டுமென்கின்றது. பிறர்க்குப் பேதைமையாகத் தோன்றுந் துணிபொன்றுபற்றியே ஒருவரைத் தகைமையிலாரெனல் கூடாதென்றும் விதிக்கின்றது. தகைமை இல்லாதவழி, அவரது முந்திய விருப்பம், இப்போதைய விருப்பம், நம்பிக்கை என்பவற்றை ஆராய்ந்து, பேணுவாரையும் இயன்றவளவு உசாவி, அவரது நன்மைக்கேற்பத் துணிதல் வேண்டும். உறவு மாத்திரத்தால் அதிகாரம் பிறவாது. இலங்கையிலும் 1889 ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின்படி, சித்தசுவாதீனமில்லாதவரென விசாரித்துத் தீர்க்கப்பட்டவரது ஆதனத்தை மேற்பார்ப்பாரை நியமிப்பது மாவட்ட நீதிமன்றமே. மகனென்பதனாலேயே ஒருவன் அவ்வதிகாரம் பெறான்.

அற்றேல், முந்திய விருப்பமும் இப்போதைய விருப்பமும் மாறுபடின் யாது செய்வதெனின், கூறுதும். வாழ்நாள் முழுதும் புலால் மறுத்த சைவரொருவர், மயங்கியபின் அயலார் இலையிலுள்ள மீனை நோக்கிக் கைநீட்டுகின்றார் என்க. இப்போது அவர் மகிழ்வதே அமையும் என்பாருமுளர். நாம் அதற்கு உடன்படேம். புலால் மறுத்தல் அவர் அறிவு தெளிந்திருந்த காலத்துத் தாமே மேற்கொண்ட நோன்பு. அதனை அவர் மறந்தாராயினும், அறிந்த நாம் மறத்தல் தகாது. அவரைக் கடியாது, அவர் விரும்பும் பிறிதோருணவை இன்சொல்லோடு ஊட்டுக.

இனி, சுக்கிரவார விரதங் காத்துவந்த மூதாட்டியாரொருவர், மயங்கியபின் அந்நாளிலே பசியென்று அழுகின்றார். விரதத்தைக் காட்டி அவருக்கு உணவு மறுத்தல் கொடுமையேயாம். இவ்விரண்டற்கும் வேற்றுமை என்னையெனின், முன்னதிலே நோன்பைக் காத்தல் அவரை வருத்தாது, பின்னதிலே வருத்தும். பசி இன்றும் அவரதே. அப்பசியைப் பொறுத்தற்கு வேண்டும் நோன்புணர்வோ அவரிடத்து இன்றில்லை. உணர்வில்லாதாரை வருத்திக் காப்பது விரதமாகாது.

சான்று கூறுவார்க்குத் தன்னலமே பெரும்பகை. மயங்கிய தந்தையின் பெருவிரலைப் பிடித்துக் காணியுறுதியில் அடையாளமிடுவித்தலும், பேணுஞ் செலவுக்கஞ்சி வைத்தியத்தைத் தாழ்த்துதலும், அன்பென்னும் பெயரால் நிகழ்தல் கூடும். ஆகலின் ஒரு துணிபால் ஊதியம் பெறுவான், அத்துணிபிலே தன் சொல்லைப் பின்னிறுத்துக. "யான் விரும்புவது யாது?" என வினவாது, "தெளிந்திருந்தாராயின் இவர் யாது கூறுவார்?" என வினவுக. அதற்குமுன், ஒரு சொல்லேனும் ஒரு குறிப்பேனும் அவரிடத்து எழுமோவென்று அவரையே வினவுக.

சைவாசிரியர்களே! தாய்தந்தையரைப் பேணுதல் நன்றென்பதை மாணாக்கர்க்கு நாடோறும் போதிக்கின்றீர்கள். அவருள்ளத்தை அறிந்து பேணுதலையும் அதனோடு போதித்தல் வேண்டும். தெளிவுள்ளபோதே தமது விருப்பத்தை மக்களுக்கு உரைத்துவைத்தல் மூத்தோர் கடன். கேட்டதனை மறவாது காத்தல் மக்கள் கடன். இவ்விரண்டும் உளவாயின், அறிவு மயங்கிய காலத்தும் ஒருவர் தம் வீட்டில் அயலாராகார். திருவருள் முன்னிற்க.